பாயிண்ட்டைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன்: சில வருஷம் ஓட்டினதுக்கப்புறம்

பழைய கார்பரேட்டர் வண்டிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடலாமான்னு கேட்டா தாராளமா போடலாம், ஆனா பிக்கப் எகிறிடும்னு சொல்றதை மட்டும் நம்பாதீங்க. பாயிண்ட்னா பழைய வண்டில காயிலுக்கு (பிளக்குக்கு வேண்டிய ஹை வோல்டேஜ் தர்றது) போற கரண்டை வெட்டி ஸ்பார்க் வர வைக்கிற சின்ன ஸ்விட்ச். ஒழுங்கா செட் பண்ண பாயிண்ட்டும் கிட்டத்தட்ட அதே ஓட்டம்தான் ஓட்டும்.

பிரச்சனை என்னன்னா அது ஒழுங்கா செட்டிங்ல நிக்காது. பாயிண்ட்டோட ஹீல் (அதைத் திறந்து விடுற முனை) சுத்துற கேம்ல உரசி உரசித் தேயும், கேப் குறையும், டிவெல் (பாயிண்ட் மூடியிருக்கிற அளவு) ஏறும், டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்) தானா பின்னாடி போயிடும், நாம கார்பரேட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு அதைப் போட்டு நோண்டிட்டு இருப்போம். புது கிட்ல காந்தமும் அதை உணர்ற ஹால் சென்சாரும்தான், ஒண்ணோட ஒண்ணு உரசாது. டைமிங் லைட் வெச்சு ஒருதடவை செட் பண்ணதுதான், இன்னும் அப்படியே நிக்குது. ஸ்லோ ஸ்பீடு நல்லா சீரா இருக்கு, குளிர்லயும் செல்ஃப் அடிச்சவுடனே பிடிச்சுக்குது.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்க, பாயிண்ட்டும் கிட்டும் உக்கார்றது அதுக்குள்ளதான், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்புறதும் அதுதான். ஷாஃப்ட் புஷ் ஆட்டம் இருந்தாலோ, உள்ள வேகத்துக்கேத்தபடி டைமிங்கை முன்னாடி தள்ளுற வெயிட் இறுகிக் கிடந்தாலோ எந்த கிட்டும் காப்பாத்தாது. எஞ்சினோட வேக்குவத்தை வெச்சு டைமிங்கை முன்னாடி தள்ளுற வேக்குவம் அட்வான்ஸ் டியூபை வாயில வெச்சு உறிஞ்சிப் பாருங்க, உள்ள பிளேட் நகரணும், நகரலன்னா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம், இல்ல பிளேட்டே துருவுல ஒட்டியிருக்கலாம். அப்புறம் காயிலோட ரெசிஸ்டன்ஸ். 3 ஓம் காயிலும் இருக்கு, பாலஸ்ட்டோட (கரண்டைக் குறைக்கிற தனி ரெசிஸ்டர்) வர்ற 1.5 ஓம் காயிலும் இருக்கு, கிட் எதைத் தாங்கும்னு பாக்காம மாட்டினா மாட்யூல் (கிட்டோட எலக்ட்ரானிக் பாகம்) காலி. பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியா இருந்தா ரெசிஸ்டன்ஸ் ஒயரா மாத்திடுங்க, இல்லன்னா அதுல வர்ற மின் இரைச்சல்ல சென்சார் குழம்பும். எர்த்தும் சுத்தமா இருக்கணும், சும்மா பெயின்ட் மேல முறுக்கி விடாதீங்க.

எனக்குப் பிடிக்காதது ஒண்ணு இருக்கு. பாயிண்ட் சாகுறதுக்கு முன்னாடி மிஸ் அடிச்சு, இழுவை குறைஞ்சு, ஏதாவது சொல்லிட்டுதான் சாகும், உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சா எப்படியோ வீடு வந்து சேந்துடலாம். மாட்யூல் போனா போனதுதான், ரோட்டுல ரிப்பேரே கிடையாது. எஞ்சினை நிறுத்திட்டு பாட்டு கேக்க சாவியை இக்னிஷன் ஆன்லயே விடுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, காயில் கொதிக்கும், சில மாட்யூலும் அதுலயே போயிடும்.

அதனால பழைய பேஸ் பிளேட்டை பாயிண்ட், கண்டென்சரோட (பாயிண்ட்ல பொறி பறக்காம காக்குறது) அப்படியே செட் பண்ணி, கேப் அளக்குற ஃபீலர் கேஜோட டேஷ்போர்டுல போட்டு வெச்சிருக்கேன். கண்டென்சர் மட்டும் புதுசு வாங்கி வைக்காம, ஏற்கனவே வண்டில நல்லா ஓடினதையே வைங்க, இப்ப வர்ற புதுசுங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல.