விதையிலிருந்து பூக்கும் கள்ளி: ரெபூஷியாவா, அஸ்ட்ரோஃபைட்டமா?

விதையிட்டுக் கள்ளி வளர்க்க விரும்புவோர் பலர் ரெபூஷியா, அஸ்ட்ரோஃபைட்டம் என்ற இரு கள்ளி வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்குகின்றனர்.

முளைப்பு: அஸ்ட்ரோஃபைட்டம் விதை பெரியது, புதியதாக இருந்தால், 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.
ரெபூஷியா விதை மிகச் சிறியது. ஈரமண்ணின் மேல் தூவலாம், மூடக் கூடாது.

பூக்கும் காலம்: ரெபூஷியாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போதும்.
அஸ்ட்ரோஃபைட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள்கூட ஆகலாம்.

தட்பவெப்பம்: என் கருத்தில், முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுவே. பொலிவியா, அர்ஜென்டினா நாடுகளின் மலைச்சரிவுகளில் தோன்றிய ரெபூஷியா, குளிர்காலத்தில் 10 டிகிரியை ஒட்டிய குளிரும், நீர் நிறுத்திய ஓய்வும் கிடைத்தால்தான் நன்றாக மொட்டுவிடும். நம் சமவெளிக் கோடையில் அது வாடுவதைக் காண வருத்தமாக இருக்கும். மெக்சிகோவின் வறண்ட நிலத்துக்குரிய அஸ்ட்ரோஃபைட்டமோ, நண்பகலில் சிறிது நிழலும் நீர் தேங்காத மண்ணும் அமைந்தால், அந்த வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

விதை பிடித்தல்: ரெபூஷியாவில் மினஸ்குலா என்ற இனம் ஒற்றைச் செடியாக இருந்தாலும் விதை தரும்.
அஸ்ட்ரோஃபைட்டத்துக்குப் பொதுவாக இரு செடிகள் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும்.

எனவே நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில், மழை படாத கூரை உள்ளவர்களுக்கு ரெபூஷியா ஏற்றது. சென்னை, மதுரை மொட்டைமாடிகளுக்கு அஸ்ட்ரோஃபைட்டத்தையே பரிந்துரைக்கிறேன், அதுவும் பல நாற்றுகளாக.