ஊட்டிக் குளிரில் பழைய டீசல் இண்டிகா: புது ஹீட்டர் பிளக் போட்ட பிறகு

டிசம்பர், ஜனவரி வந்தால் ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற படம் எல்லோர் போனுக்கும் வந்துவிடும். அதை ரசிக்கிறவர்களுக்கு அந்த விடியலில் பழைய டீசல் வண்டியைக் கிளப்ப வேண்டிய வேலை இருக்காது. என்னுடையது இண்டிகா வி2, 1405 சிசி, டர்போ கிடையாது. கீழே மேட்டுப்பாளையத்தில் நிறுத்தினால் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். மேலே ஊட்டி காந்தலில் ராத்திரி முழுக்க நின்றால் செல்ஃப் பாட்டுக்குச் சுற்றும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், இன்ஜின் மட்டும் பிடிக்காது.

அந்த வெள்ளைப் புகையைத்தான் கவனிக்கணும். டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாகி வெளியே வருகிறது என்று அர்த்தம். புகையே இல்லாமல் சுற்றினால் அது வேறு கதை, டீசல் குழாயில் காற்று அடைக்கிற ஏர் லாக்கோ, ஃபில்டரோ பார்க்க வேண்டும். இது தெரியாமலா, தெரிந்தேவா என்று புரியவில்லை, ஒரு ஒர்க்‌ஷாப்பில் டீசல் பம்ப்பை இறக்கி சர்வீஸ் பண்ணினால்தான் சரியாகும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். பம்ப்பில் கோளாறு என்றால் மேட்டுப்பாளையத்தில் மட்டும் எப்படி ஒழுங்காக எடுக்கிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை. சிலர் டீசல் உறைந்திருக்கும் என்றார்கள். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், டீசல் உறைந்தால் படிகிற மெழுகு ஒன்றும் இல்லை. அதெல்லாம் லடாக் பிரச்சினை, அங்கே மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலையே இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது.

கடைசியில் வயசான மெக்கானிக் ஒருவர், கிளப்பும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்குகளை இணைக்கிற பட்டையை எடுத்துவிட்டு, பேட்டரி பிளஸ்ஸில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டுப் பார்த்தார். இரண்டில் பல்பு எரிந்தது, இரண்டில் எரியவில்லை, அந்த இரண்டும் செத்துவிட்டன. அவ்வளவுதான் சோதனை, ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. போன சீசனில் மலிவாகக் கிடைத்தது என்று மாட்டிய, பேர் தெரியாத சாமான் அவை.

இந்த முறை போஷ், நாலும் ஒரே செட்டாக. பழசு கெட்டதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: கழற்றுவதுதான் கஷ்டமான வேலை, பிளக் விலை அதற்கு அடுத்ததுதான். கரி ஏறி இறுகியிருக்கும், குளிர்ந்த இன்ஜினில் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் நுனி ஒடிந்து, சிலிண்டருக்கு மேலே இருக்கிற ஹெட்டுக்குள் நின்றுவிடும், அப்புறம் ஹெட்டையே இறக்கணும். அவர் வண்டியை இறக்கத்தில் உருட்டி செகண்ட் கியரில் கிளப்பி, நன்றாகச் சூடேற்றி, துரு விடுகிற ஆயிலை அடித்துவிட்டு ஒரு டீ குடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, அப்படியே வெளியே எடுத்தார். நாலும் முழுசாக வந்தன.

பலன் மறுநாளே தெரிந்தது. கண்ணாடியில் பனி கட்டியிருந்த காலையில் ஆரஞ்சு சுருள் லைட் அணைகிற வரை பொறுத்து, இன்னும் ஒரு மூச்சு விட்டுச் சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. இந்த இன்ஜினில் டீசல் நேரே சிலிண்டருக்குப் போகாமல் ஹெட்டில் இருக்கிற சின்ன அறைக்குள்தான் தெளிக்கும். காற்றை 20 மடங்குக்கு மேல் அமுக்கினாலும் அந்தச் சூட்டைக் குளிர்ந்த சுவர் இழுத்துக்கொள்ளும், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றும் மெல்லிசு. பிளக் நுனி 800 டிகிரிக்கு மேல் பழுத்து நின்றால்தான் தெளிக்கிற டீசல் பற்றும்.

ஆனால் எல்லா நோய்க்கும் இது மருந்து இல்லை. கம்ப்ரஷன் போன, அதாவது காற்றை அமுக்கும் பலம் குறைந்த இன்ஜினுக்கு எந்த கம்பெனி பிளக் போட்டாலும் காசு தண்டம். நாலும் சேர்ந்து 40 ஆம்பியர் பக்கம் இழுக்கும் என்பதால் பேட்டரி தளர்ந்திருந்தால் பிளக் சூடாகும்போதே செல்ஃப் சோர்ந்துவிடும். ரிலேயையும் ஃபியூஸையும் கையோடு பார்த்துவிடுங்கள், கான்டாக்ட் கருகியிருந்தால் புது பிளக்குக்குக் கரண்டே போகாது. 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி ஓட்டுகிறவர்கள் மலைக்கு அதைவிட இளசான 15டபிள்யூ-40 மாற்றினால் செல்ஃப் சுற்றுகிற வேகமே வேறு. சீக்கிரம் பற்றிக்கொள்ள ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொல்லும் நண்பர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், பிளக் பழுத்திருக்கும்போது உள்ளே அடித்தால் பிஸ்டனே உடையலாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கிளம்பிய முதல் நிமிஷம் வண்டி நடுங்கிக்கொண்டு கொஞ்சம் புகை விடத்தான் செய்கிறது. விலை, மலிவு சாமானைப் போல இரண்டு மடங்கு. வாங்கும்போது பில்லோடு வாங்குங்கள், அதே டப்பாவில் போலியும் விற்கிறார்கள்.