லீட் கிட்டாரை பேஸ் ஆக்கித் தர்றேன்னு சொன்னா நம்பாதீங்க. என் 6,500 ரூபாய் போச்சு

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கிட்டார் வச்சிருக்கவங்க கண்டிப்பா படிங்க. இன்னும் வயிறு எரியுது.

எங்க கச்சேரி செட்டுல பேஸ் (தடிச்ச கம்பி போட்ட, கீழ்ஸ்தாயில அதிர்ற கிட்டார்) வாசிச்ச பையன் சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டான். திருவிழா சீசன் நெருங்குது. வீட்ல ஒரு லீட் கிட்டார் சும்மா கிடந்துச்சு. இசைக்கருவி ரிப்பேர் பார்க்கிற கடை ஒண்ணுல (பேர் வேணாம்) கேட்டேன். "இதையே பேஸா மாத்திடலாம் தம்பி, 6,500 ஆகும்"னாரு. நான் யோசிக்கிறதைப் பார்த்துட்டு, தன்னோட லீட் கிட்டாரை ஆம்ப்ல போட்டு ஒரு தட்டு தட்டினாரு. கண்ணாடி அலமாரியே அதிர்ந்துச்சு. அசல் பேஸ் சத்தம்! அதைக் கேட்டுத்தான் முழுப் பணத்தையும் எண்ணி வச்சேன். பில் கேட்டதுக்கு விசிட்டிங் கார்டு பின்னாடி "6,500 வரவு"ன்னு கிறுக்கிக் கொடுத்தாரு.

வந்த கிட்டாரைப் பார்க்கணுமே. நாலு தடி பேஸ் கம்பி. அதை நுழைக்க நட் (கழுத்து நுனியில கம்பி உட்கார்ற பட்டை) பள்ளத்தை ராவி, ட்யூனிங் கீ ஓட்டையை டிரில் போட்டுப் பெரிசாக்கியிருக்காரு. பேஸோட கீழ் சுருதி ஈ-க்கு வச்சா கம்பி கொடிக்கயிறாத் தொங்குது, தொட்ட பிரெட்டெல்லாம் (வீணை மெட்டு மாதிரி கழுத்துல இருக்க கம்பி) கரகரங்குது. பிரிட்ஜ்ல கம்பியைத் தாங்குற சேடிலைக் கடைசி வரை பின்னாடி தள்ளியும் பன்னண்டாவது பிரெட்ல சுருதி சேரலை.

சேராது. பேஸ்ல நட்டுல இருந்து பிரிட்ஜ் வரை 34 இன்ச், என் கிட்டார்ல 25.5. அங்க விறைப்பா நிக்கிற கம்பிக்கு இங்க பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இழுப்பு கிடைக்கும். 1961-ல ஃபெண்டர் போட்ட ஆறு கம்பி பேஸுக்கே 30 இன்ச் வச்சாங்க. வீணைக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு இது தெரியாதாம்!

போய்க் கேட்டா முதல்ல "கம்பி செட்டாகணும் தம்பி". அப்புறம் "ஈரக் காத்துல நெக் வளையுது". அதுக்கப்புறம் "உங்க ஆம்ப் சரியில்லை". கடைசியா "பார்ட்ஸ் திருச்சியில இருந்து வரணும்". இப்ப போனே எடுக்கிறதில்லை. ஓனர் இல்லாத நேரம் போனப்ப கடைப் பையன்தான் உளறினான்: அன்னைக்கு அதிர்ந்தது கிட்டார் இல்லைண்ணே, காலடியில கிடந்த ஆக்டேவ் பெடல், அதுதான் சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் காட்டுது. அந்தப் பெடலையே எனக்கு வித்திருந்தா கிட்டாராவது பிழைச்சிருக்கும். 6,500 வாங்கிட்டு இருந்த கிட்டாரையும் கெடுத்திருக்காரு. இனி நட்டும் கீயும் புதுசா மாத்துற செலவு வேற.

என்ன பண்ணலாம்னு விவரமா எழுத நினைச்சேன், கை ஓடலை. சுருக்கமா: லீட் கிட்டார்ல தடிச்ச கம்பி போட்டு பி சுருதி வரைக்கும் இறக்கலாம், அதுக்குக் கீழே யார் சொன்னாலும் போகாதீங்க. வாசிச்சுக் காட்டினா வயர் எங்க போகுதுன்னு குனிஞ்சு பாருங்க. டிரில் எடுத்தா கிட்டாரைத் தூக்கிட்டு வந்துடுங்க. பில் இல்லாம ஒத்தைப் பைசா கொடுக்காதீங்க.

பேஸ் வாசிக்கிறவங்க பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு.