பின்பால் மெஷின் கண்ணாடியைப் புதுப்பிக்கக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

அமெரிக்காவில் பழைய பின்பால் மெஷின் (இரும்புக் குண்டைத் தட்டித் தட்டி ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு மெஷின்) வைத்துக்கொண்டு அல்லாடும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பாலி கம்பெனி 1972-ல் விட்ட ஃபயர்பால் என்ற மெஷின். டேவ் கிறிஸ்டென்சன் வரைந்த அந்த நெருப்பு மனிதனுக்காகவே வாங்கியது. பின்னால் எரியும் பல்புகளின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து, பேக்கிளாஸில் (மெஷினின் தலைப்பகுதியில் நிற்கும் படம் போட்ட கண்ணாடி) பெயின்ட் செதில் செதிலாக உதிர ஆரம்பித்திருந்தது. சிகாகோ பக்கம் ஒரு கடையில், "ஸ்கேன் எடுத்து, யூவி பிரிண்டரில் (புற ஊதா ஒளியில் மையை உடனே உலர வைப்பது) கண்ணாடி மேலேயே அச்சடித்துத் தருகிறோம்" என்றார்கள். 450 டாலர், முழுசும் முன்பணம்.

வந்ததைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஜோராகத்தான் இருந்தது. மெஷினில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் சாயம் வெளுத்துவிட்டது. பின்னால் எத்தனை பல்பு என்று முன்னால் நின்றே எண்ணலாம்!

அசல் கண்ணாடியில் படத்தைப் பின்பக்கம் இடவலம் மாற்றி, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மையைத் தள்ளும் அச்சு வலை) வைத்து அடித்திருப்பார்கள். அதன்மேல் வெள்ளை. அதற்கும் மேல், வெளிச்சம் வரக்கூடாத இடங்களில் மறைப்புப் பூச்சு. இவர்கள் வெள்ளையும் அடிக்கவில்லை, மறைப்பும் அடிக்கவில்லை. யூவி அச்சு என்பதே பொய். ஓரத்தில் நகத்தை விட்டால் பிலிம் உரிந்து வருகிறது. நெருப்பின் ஆரஞ்சு, நாலு மைக் கலவையில் செங்கல் நிறமாகிவிட்டது. ஸ்கோர் தெரியும் ஜன்னல்கள் நகர்ந்துபோய், மூன்றாவது ஆட்டக்காரரின் கடைசி இலக்கம் பாதிதான் தெரிகிறது. கேட்டால், "எல்இடி பல்பு போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்" என்று பதில்.

அதுகூடப் போகட்டும். என் பழைய கண்ணாடியைக் கொடுங்கள் என்றேன். "அதுதானே இது?" என்றார்கள். மிச்சமிருந்த அசல் பெயின்டைச் சுரண்டித் தள்ளிவிட்டு, அதே கண்ணாடியில் பிலிமை ஒட்டியிருக்கிறார்கள். வயிறு எரிந்துவிட்டது. சரி, ஸ்கேனையாவது அனுப்புங்கள் என்றால், போனில் எடுத்த போட்டோவை அனுப்புகிறார்கள். போட்டோவில் படம் கோணிப்போகுமே, ஜன்னல் ஏன் நகர்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

யாரிடம் கொடுத்தாலும், படம் புதுக் கண்ணாடியில்தான், பழையது தொடாமல் திரும்பி வரும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு மூலையை மட்டும் அச்சடித்து, பின்னால் பல்பு எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையும் மறைப்பும் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். உதிர்கிற கண்ணாடியின் பின்பக்கத்தைத் துடைக்க விடாதீர்கள், பெயின்ட் துணியோடு வந்துவிடும்.

கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃபயர்பால் பேக்கிளாஸின் நல்ல ஸ்கேன் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.