மேட் பேப்பரில் பரண் தெரிய மூன்று வருடம்

கேனன் புரோ-300 போட்டோ பிரிண்டர் வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் அடித்த படங்களில் முக்கால்வாசி ஹானமூலே போட்டோ ராக் 308 என்கிற மேட் பேப்பரில்தான். பஞ்சில் செய்த தடித்த பேப்பர், லைட் பட்டு மினுங்காது, ஒரு தாளை கையில் எடுத்தாலே பிடித்துப்போகும். வெளிச்சமான படங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருட்டான படங்கள்தான் முதல் ஆறு மாதம் என்னை அழ வைத்தன.

முதல் அடி அம்மாச்சி வீட்டு அடுப்படிப் படத்தில். விறகடுப்பு, கரி ஏறிய சுவர், மேலே பரண், ஓரத்தில் அரிவாள்மனை, வெளிச்சத்துக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். மானிட்டரில் பரண் மேல் இருக்கும் பானைகளை எண்ணிவிடலாம். பிரிண்டில் பரணே இல்லை, மேல்பாதி முழுக்க ஒரே கருஞ்சாம்பல். அதையும் ஆசையாக ஊருக்கு எடுத்துப் போய்க் காட்டினால், "பரண எங்கடா காணோம், இடிச்சுப்புட்டியா?" என்று கேட்டது அம்மாச்சி.

விஷயம் இதுதான். மேட் பேப்பரின் கறுப்பு அவ்வளவு கறுப்பு இல்லை. நல்ல கிளாஸி, அதாவது பளபளப்பான, பேப்பரில் கறுப்பின் அடர்த்தி 2.3 பக்கம் போகும், மேட்டில் 1.6, 1.7 வந்தாலே நல்லது. அதாவது மேட் கறுப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் 40இல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, கிளாஸி 200இல் ஒரு பங்கைத்தான். சொரசொரப்பான பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் எங்கே நின்று பார்த்தாலும் கொஞ்சம் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிடும். கிளாஸியில் என்றால் தலையைச் சற்றுத் திருப்பி அந்தப் பளபளப்பைத் தவிர்த்துவிடலாம். ஆக, மானிட்டரில் தாராளமாக உட்கார்ந்திருந்த இருட்டுப் படிகள் எல்லாம் மேட்டில் டவுன் பஸ் மாதிரி நெருக்கியடித்து நிற்க வேண்டும், அதில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதில் என் தப்புகளும் உண்டு. டிரைவரில், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளில், மீடியா டைப்பை (பேப்பர் வகையை) கிளாஸி போட்டோ பேப்பர் என்றே விட்டு மேட்டில் அடித்துக்கொண்டிருந்தேன். மீடியா டைப்தான் எந்தக் கறுப்பு மை வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மேட் பிளாக் வர வேண்டிய இடத்தில் போட்டோ பிளாக் வந்து, இருக்கிற கறுப்பும் வெளுத்துப்போனது. இன்னொன்று, போட்டோஷாப்பும் கலரைத் திருத்தியது, டிரைவரும் திருத்தியது. ஒரே குழம்பில் இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. இப்போது டிரைவரில் கலர் திருத்தம் எப்போதும் ஆஃப், அந்தப் பேப்பருக்கும் பிரிண்டருக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலை (நிறங்கள் அதில் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) போட்டோஷாப்பில் தேர்ந்தெடுத்து, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்கிற நிற மாற்று முறையோடு பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷனையும் டிக் செய்துவிடுவேன். அந்த டிக் இல்லாவிட்டால் பேப்பரின் கறுப்பைவிட இருண்டது எல்லாம் ஒரேயடியாக வெட்டுப்பட்டுப் போகும், இருந்தால் மொத்த அளவையும் சுருக்கி அதற்குள் உட்கார வைக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு உதவியது ஒரு சாதாரணப் பட்டை. கறுப்புப் பின்னணியில் ஆர்ஜிபி எண் (0 சுத்தக் கறுப்பு, 255 சுத்த வெள்ளை) 0, 2, 4, 6 என்று 40 வரை சின்னச் சின்னக் கட்டங்கள், கால் தாளில் அடங்கிவிடும். அடித்து ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் எந்தக் கட்டத்திலிருந்து வித்தியாசம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். தப்பான செட்டிங்கில் 16 வரை ஒரே தாராகத் தெரிந்தது, சரிசெய்த பிறகு 6இலிருந்தே பிரிய ஆரம்பித்தது. உங்களுக்கு வேறு எண் வரலாம், அதுதான் வேண்டியதும். பரண் எந்த எண்ணில் இருக்கிறது என்று போட்டோஷாப்பில் மவுஸை வைத்துப் பார்த்தேன், 5க்கும் 11க்கும் நடுவில். பழைய செட்டிங்கில் எப்படித் தெரியும்? சரிசெய்த பிறகும் விளிம்பில்தான் நிற்கிறது.

உடனே ஷேடோ ஸ்லைடரைப் பிடித்து மேலே தள்ளத் தோன்றும், தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். பரண் வந்தது, ஆனால் அடுப்படி முழுக்கப் புகைமூட்டம். மொத்தமாகத் தூக்கினால் மேட்டில் இருக்கிற கொஞ்சநஞ்சக் கறுப்பும் கைவிட்டுப் போகும். இப்போது கர்வில் (வெளிச்ச அளவுகளை ஏற்றி இறக்கும் கோடு) 0 புள்ளியை அசைக்காமல் வைத்து, நடுவையும் ஒரு புள்ளியால் கட்டிவிட்டு, அடிப்பகுதியில் மட்டும் மெல்ல ஏற்றுகிறேன். 8 இருந்த இடம் 15 ஆனால் போதும். அதன்மேல் பரண் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து கொஞ்சம் கிளாரிட்டி (விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் ஸ்லைடர்), ஏனென்றால் பானையின் விளிம்பு தெரிந்துவிட்டால் மீதிப் பானையைக் கண்ணே போட்டுக்கொள்ளும். சுத்தக் கறுப்பாக ஒரு இடத்தையாவது, அடுப்பின் வாயையாவது, அப்படியே விட்டுவிட வேண்டும். அது இருந்தால்தான் மற்ற இருட்டு இருட்டாகத் தெரியும். இந்தத் திருத்தம் மேட்டுக்கு மட்டும், தனி ஃபைலாக.

மானிட்டர் வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வந்த பிரைட்னஸிலேயே வைத்திருந்ததால்தான் இல்லாத டீடெயிலை இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன், 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) பக்கம் இறக்கிய பிறகு பாதி ஏமாற்றம் குறைந்தது. பிரிண்ட் எப்படி வரும் என்று மானிட்டரிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் பேப்பர் நிறத்தையும் காட்டச் சொன்னால் படம் சட்டென்று சோகை பிடித்த மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம், கண்ணை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தால் அதன்மேல் மை விழுந்து, தூசி உதிர்ந்ததும் வெள்ளைப் புள்ளி, அதுவும் சரியாகக் கறுப்பில்தான். அடிக்கும் முன் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். நகம் பட்டால் கறுப்பில் பளபளவென்று கோடு விழும். மழைக்காலத்தில் ஓரம் சுருண்டு, மை தெளிக்கும் ஹெட்டில் உரசும், அதனால் தாள் எப்போதும் உறைக்குள்ளேயே.

முழு இருட்டுப் படங்களுக்கு, ராத்திரித் தெரு, கூத்து மேடைப் பின்புறம் மாதிரி, இப்போதும் மேட் போடுவதில்லை, பரைட்டா என்கிற பளபளப்புப் பேப்பர்தான். அடுப்படி மாதிரி ஒரு ஜன்னல் வெளிச்சமாவது உள்ள படம் என்றால் மேட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கடைசியாக அடித்த பிரிண்டை ஊரில் மாட்டினேன். ஃபிரேம்காரர் கேட்காமலே சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டார், வாசல் வெளிச்சம் அதில் விழுந்து பரண் இருக்கும் மூலை மறுபடி போச்சு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அம்மாச்சி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, மூணாவது பானை ஓட்டப் பானை, அதை ஏன் எடுத்தாய் என்றது.