லைடார் கோப்பும் குளக்கட்டும்: கிளவுட்கொம்பேர் பாவித்துப் பார்த்தது

கிளவுட்கொம்பேர் என்ற கணினி மென்பொருளில் வாய்க்கால் வரைய முடியாது. மண் வேலைக்குக் கணக்குப் போட்டு பில் எழுதவும் முடியாது. ட்ரோன்காரர் லேசரால் நிலத்தை அளந்து தருகிற லைடார் தரவுக்கும், வரைபடம் போடுகிற சிவில் 3டி மென்பொருளுக்கும் நடுவில் நின்று, காட்டை விலக்கி நிலத்தை மட்டும் எடுத்துத் தரும். அந்த ஒரு வேலையை ஒரு சதமும் வாங்காமல் செய்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் இருந்து ஒப்பந்தகாரர்களுக்கு வரைபட வேலை எடுத்துச் செய்பவள். பெரும்பாலும் சிறு குளங்கள்: கட்டு, துருசு (தண்ணீர் திறக்கிற மதகு), வான் (மிஞ்சிய நீர் வழிகிற இடம்), கீழே வயலுக்குப் போகிற வாய்க்கால். எங்கள் பக்கத்து நிலம் தட்டை. அரை மீற்றர் பிழைத்தாலே தண்ணீர் போகிற திசை மாறிவிடும். இணையத்தில் சும்மா கிடைக்கிற எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடத்தில் இருந்து எடுத்தது. 30 மீற்றருக்கு ஒரு புள்ளி, உயரம் முழு மீற்றரில், போதாததற்குப் பாலை மரத்தின் தலையும் நிலத்தோடு சேர்ந்திருக்கும். அதை வைத்து முல்லைத்தீவுக் காட்டோரக் குளம் ஒன்றுக்குச் சமவுயரக் கோடு போட்டால் குளக்கட்டையே காணக் கிடைக்காது. லெவல் கருவியும் ஸ்டாஃப் கோலும் தூக்கிக்கொண்டு பற்றை வெட்டி வெட்டிப் போவது நல்ல வழிதான். ஆனால் கண்ணிவெடி அகற்றி முடியாத ஓரங்களில் அந்த வழியும் அடைபட்டுப்போகிறது.

லைடார் தரவு வந்து சேரும்போது எல்ஏஎஸ் கோப்பாக வரும்: லேசர் பட்ட இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, எல்லாம் சேர்ந்தது புள்ளி முகில். சதுர மீற்றருக்கு 100 புள்ளி என்று பறந்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 10 கோடிப் புள்ளி. நிறமும் சேர்ந்த வகையில் ஒரு புள்ளிக்கு 34 பைட், ஆக 3.4 ஜிகாபைட். இதையே எல்ஏஇசட் ஆகச் சுருக்கினால் பல மடங்கு சிறிதாகும், ஒரு புள்ளியும் இழப்பில்லை. கிளவுட்கொம்பேர் இரண்டையும் நேரே திறக்கும். சிவில் 3டிக்குள் புள்ளி முகிலாகவே கொண்டுபோக வேண்டும் என்றால் ரீகப் என்ற மென்பொருளில் போட்டு ஆர்சிஎஸ் அல்லது ஆர்சிபி கோப்பாக ஆக்க வேண்டும். பச்சைத் தரவை அப்படியே அங்கே கொண்டுபோய்க் கொட்டி, அதிலிருந்து மேற்பரப்பு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். பனை ஓலையும் ஈச்சம் பற்றையும் சேர்ந்து முள்ளு முள்ளாய் ஒரு நிலம் வரும். மடிக்கணினியும் மூச்சு வாங்கும்.

கோப்பைத் திறந்ததும் கிளவுட்கொம்பேர் ஒரு பெட்டியைக் காட்டி, ஆள்கூறுகள் பெரிதாக இருக்கின்றன, நகர்த்தட்டுமா என்று கேட்கும். ஓம் என்று விடுங்கள். அது புள்ளிகளை 32 பிட் தசம எண்ணில்தான் வைத்திருக்கிறது. 7 இலட்சம் என்ற அளவில் இருக்கிற எண்ணுக்கு அந்த முறையில் மிகச் சிறிய படியே 6 சென்ரிமீற்றருக்கு மேல். நகர்த்தாமல் திறந்தால் புள்ளிகள் எல்லாம் படிக்கட்டு மாதிரி வரிசை கட்டி நிற்கும். வெளியே எழுதும்போது பழைய ஆள்கூற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும், பயமில்லை.

ஆனால் அந்த ஆள்கூறு எந்த முறையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, மாற்றியும் தராது. இதுதான் இதன் பெரிய குறை. இலங்கை வேலைக்கு மூன்று ஆள்கூற்று முறைகள் கலந்து வரும், வடக்குத் திசைத் தூரத்தைச் சொல்கிற வடக்கெண்ணைப் பார்த்தே பிரித்துவிடலாம். கிளிநொச்சி நகரப் பக்கம் சுமார் 7 இலட்சத்து 63 ஆயிரம் என்றால் 1999 இன் புதிய இலங்கை வலை. 4 இலட்சத்து 63 ஆயிரம் என்றால் பழைய கந்தவளை வலை. 10 இலட்சத்து 37 ஆயிரம் என்றால் ட்ரோன்காரர் உலகப் பொது வலையான யூடிஎம் 44 வடக்கில் அப்படியே தந்திருக்கிறார். மாற்றுவதற்கு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். முறையே 5235, 5234, 32644 என்று அந்த முறைகளின் இபிஎஸ்ஜி அடையாள இலக்கத்தைக் கொடுத்தால் போதும்.

உயரத்தில் இன்னொரு கூத்து. ஒரு வேலைக்கு வந்த கோப்பில் குளக்கட்டின் உச்சி எழுபது சொச்சம் மீற்றர் மறையில் நின்றது. ஒப்பந்தகாரரின் தொழில்நுட்ப அலுவலர் என் திரையைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, குளம் கடலுக்குக் கீழ போட்டுது போல” என்றார். தரவு தந்தவர்கள் ஜிபிஎஸ் தருகிற நீள்வளைய உயரத்தை (பூமியை ஒழுங்கான உருண்டை வடிவமாக வைத்து அளக்கிற உயரம்) கடல்மட்டத்துக்கு மாற்றாமல் அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் புவியீர்ப்பு மட்டம் மிகக் கீழே தாழ்ந்திருக்கிற பள்ளம் எங்கள் தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, நூறு மீற்றருக்கும் மேலான தாழ்வு. அதன் சரிவில் நாங்களும் இருப்பதால் இங்கே இரண்டு உயரத்துக்கும் 90 மீற்றருக்கு மேல் வித்தியாசம் வருகிறது. சிறு குளம் என்றால் துருசுத் திட்டில் லெவல் எடுத்து, வருகிற வித்தியாசத்தை கிளவுட்கொம்பேரின் உருமாற்றப் பெட்டியில் (திறக்கும்போது கேட்கிற பெட்டி அல்ல) உயர அச்சுக்குக் கொடுத்துவிடலாம். நீள வாய்க்காலுக்கு ஒரே தொகையைக் கூட்டினால் சரிவராது, இடத்துக்கு இடம் அந்த வித்தியாசத்தைச் சொல்கிற முறையான புவிவடிவ மாதிரியை வைத்தே மாற்ற வேண்டும்.

இனி நல்ல பகுதி. கிளவுட்கொம்பேருக்குள் சிஎஸ்எஃப் என்று ஒரு செருகி (கூடுதல் வசதி) இருக்கிறது. புள்ளி முகிலைத் தலைகீழாய்க் கவிழ்த்து, அதன்மேல் ஒரு துணி விழுவதாகக் கணக்குப் போடும். கவிழ்த்ததால் நிலம் மேலே வரும், மரங்கள் கீழே தொங்கும். துணி நிலத்தில் படியும். துணிக்குக் கிட்ட இருக்கிற புள்ளி நிலம், மற்றவை மரம், கம்பம், மாடு. முடிவை இரண்டு முகிலாகப் பிரித்துத் தருகிறது. கேட்கிற அமைப்புகள் மிகக் கொஞ்சம்: துணி விறைப்பா மெதுமெதுப்பா, துணியின் கண்ணி எவ்வளவு அகலம், எத்தனை சென்ரிமீற்றருக்குள் இருந்தால் நிலம் என்று எடுப்பது.

வன்னி தட்டை நிலம்தானே என்று “தட்டை” என்ற தெரிவைக் குத்தாதீர்கள். அதில் துணி விறைப்பாகி, குளக்கட்டின் தலையை நிலம் இல்லை என்று வெட்டிவிடும். எங்களுக்கு வேண்டியதே அந்தத் தலைதான். “செங்குத்துச் சரிவு” என்ற தெரிவும், அரை மீற்றர் கண்ணியும் கட்டுக்கு ஒத்துவருகின்றன. வயல்வெளியைத் தனியாக வெட்டி எடுத்துத் தட்டையில் ஓடவிடலாம்.

இப்படிப் பிரித்த நிலத்துக்கு உயரத்தின்படி நிறம் பூசி, கமக்கார அமைப்பின் ஐயா ஒருவருக்குக் காட்டினேன். குளத்துக்கு மேலே காட்டுக்குள் வளைந்து போன மெல்லிய மேடு ஒன்றை விரலால் தொட்டார். “பிள்ளை, உது பழைய கட்டு. அதுக்க ஒரு சின்னக்குளம் இருந்ததெண்டு அப்பு ஆக்கள் சொல்லுறவை.” நடுவில் உடைப்பும் தெளிவாய்த் தெரிந்தது. காட்டுக்கு மேலாகப் பார்த்தால் ஒரே பச்சை. அன்றைக்குப் பிறகு மேல்நீரேந்து பரப்பைக் கணக்கெடுக்கும்போது அந்த மேட்டையும் சேர்த்தே எல்லை போடுகிறோம். நிறம் பூசிய படத்தோடு அவர் கேட்ட மற்றக் கேள்வி, குளம் இப்ப எத்தனை அடி கொள்ளும் என்பது. இரணைமடுக் குளம் 36 அடி என்று பேசுகிற ஊரில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீற்றர் என்று சொன்னால் ஒருவரும் தலையாட்டார். துருசின் அடிமட்டத்தைச் சைபராக வைத்து இன்னொரு நிறப்படம் போட்டுக் கொடுத்தேன், உடனே கதை வந்துவிட்டது.

செருகியால் முடியாததும் உண்டு. இடுப்பளவு புல் அடர்ந்து நின்றால் லேசர் கதிர் அடி மண்ணைத் தொடாது, புல்லின் மேல்தான் துணியும் படியும். தண்ணீருக்குள்ளும் சாதாரண அகச்சிவப்பு லைடார் இறங்காது. ஓகஸ்ட், செப்ரெம்பரில், குளம் வற்றிப் புல் காய்ந்தபிறகு பறக்கச் சொல்லுங்கள். காலபோக மழை தொடங்கிய பிறகு எடுத்த தரவை வைத்துக் குளத்தின் கொள்ளளவு கணக்கிட முடியாது.

நிலத்தைச் சிவில் 3டிக்குக் கொண்டுபோக எனக்குப் பிடித்த வழி, கிளவுட்கொம்பேரில் சதுரக் கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஓர் உயரம் என்று வைக்கிற ஜியோடிஃப் கோப்பாக எழுதி, அங்கே உயரக் கோப்பாகச் சேர்ப்பது. ஒரு மீற்றர் கட்டம் என்றால் சதுர கிலோமீற்றருக்கு 10 இலட்சம் கட்டம்தான், பாரம் குறைவு. வயலுக்கு அது தாராளம். 3 மீற்றர் அகலக் கட்டு உச்சிக்குப் போதாது, தோள்பட்டை மழுங்கிவிடும். கட்டின் இரண்டு விளிம்பையும் இரண்டு அடிவாரத்தையும் கோடாக வரைந்து முறிவுக்கோடாக (சரிவு மாறுகிற இடத்தைக் காட்டுகிற கோடு) சேர்த்தால்தான் மண் கணக்கு நம்பும்படி வரும். அந்தக் கோட்டைத் தானாக எடுத்துத் தருகிற வசதியை நான் இங்கே எதிர்பார்க்கவில்லை, கையால்தான் வரைகிறேன்.

எழுத்துக் கோப்பாகக் கொண்டுபோகிறவர்கள் வரிசையைக் கவனியுங்கள். கிளவுட்கொம்பேர் எழுதுவது கிழக்கு, வடக்கு, உயரம். சிவில் 3டியில் வடக்கு முதலில் வருகிற வடிவத்தைத் தெரிந்தால் கிளிநொச்சிக் குளம் பொத்துவிலுக்கு அப்பால் நடுக்கடலில் போய் இறங்கும். மென்பொருள்களுக்கு இடையில் நிலத் தரவைப் பரிமாறுகிற லாண்ட்எக்ஸ்எம்எல் கோப்பிலும் வடக்குத்தான் முதல். ஆனால் அதை மென்பொருள்களே தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும். முடிந்த மேற்பரப்பை வேறு மென்பொருள் வைத்திருக்கிறவருக்குக் கொடுப்பதற்கு அதைவிட நல்ல கோப்பு இல்லை.

2003 இல் பிரான்சில், மின்சார நிறுவனமான இடிஎஃப் உடன் சேர்ந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது கிளவுட்கொம்பேர். இரண்டு லேசர் முகில்களை ஒப்பிட்டு எங்கே மாற்றம் என்று பார்ப்பதற்கான கருவி. அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. கட்டுவேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த முகில்களைக் கொடுத்தால் எங்கே எவ்வளவு மண் கூடியது, குறைந்தது என்று கணக்குத் தரும். ஒப்பந்தகாரர் சொல்கிற கனவளவைச் சரிபார்க்க நல்லது. மற்றப்படி பொத்தான்கள் எறும்பளவு, தமிழில் ஒரு வரியும் இல்லை, செய்ததைப் பின்வாங்குகிற பொத்தானும் பொதுவாக இல்லை. வெட்டுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மற்ற ஒன்று ஆள்கூற்று முறைக்காக. ட்ரோன்காரரிடம் பேசும்போதே எல்ஏஇசட் கோப்பு, ஆள்கூற்று முறையின் இலக்கம், உயரம் நீள்வளையத்திலா கடல்மட்டத்திலா என்ற விபரம், துருசுத் திட்டில் ஒரு சரிபார்ப்புப் புள்ளி ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முற்பணம் கொடுப்பதற்கு முதல்.