"வசதி இருக்கு" என்றார்கள், பயன்படுத்தவில்லை: மகளின் தண்டுவடக் கட்டி அறுவைச் சிகிச்சையில் நடந்தது

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இன்ட்ராமெடுல்லரி' என்ற சொல்லோடு மருத்துவமனையில் காத்திருக்கும் அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். கட்டி தண்டுவடத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எங்கள் மகளுக்கு அப்போது 6 வயது.

ராத்திரி படுத்தால் முதுகு வலிக்கிறது என்று அழுவாள், எழுந்து உட்கார்ந்தால் குறையும். வளர்கிற வயதில் வரும் வலி என்றார்கள். ஏழு மாதம் போனது. அப்புறம் ஓடும்போது இடது கால் தடுக்கியது, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தது. அபூர்வமான கட்டி என்பதால் பல மருத்துவர்களுக்கு இந்தச் சந்தேகம் சட்டென்று வருவதில்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் அடுத்து நடந்ததில்தான்.

"கவலைப்படாதீங்கம்மா, நியூரோமானிட்டரிங் வசதி எல்லாம் நம்மகிட்ட இருக்கு" என்றார் அறுவை நிபுணர். செலவுப் பட்டியலிலும் அது தனி வரியாக இருந்தது. சரி, நல்ல இடம்தான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டோம்.

நியூரோமானிட்டரிங் என்றால் அறுவை நடக்கும்போதே நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று கருவி வைத்துக் கண்காணிப்பது. அது எங்களுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கே தண்டுவடம் சுண்டு விரல் பருமன்தான். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கட்டி வகையில், கட்டி எங்கே முடிகிறது, நல்ல நரம்பு எங்கே தொடங்குகிறது என்பது நுண்ணோக்கியில்கூடப் பல இடங்களில் பிரிந்து தெரியாது. அதனால் குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே தலையில் மின்தூண்டல் கொடுத்து, கை கால் தசைகளுக்குச் செய்தி போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தண்டுவடத்தின் மேலேயே ஒரு மின்முனை வைத்து 'டி-வேவ்' என்ற அலையையும் அளப்பார்கள். மிகச் சிறிய குழந்தைகளில் அது சரியாகக் கிடைக்காமல் போகலாம். அந்த அலை பாதிக்குமேல் குறைந்தால், மேற்கொண்டு கட்டியை எடுக்காமல் நிறுத்த வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை அது. மயக்க மருந்தும் இதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தசையைத் தளர்த்தும் மருந்து தொடர்ந்து போனால் தசையிலிருந்து சமிக்ஞை வராது.

கண் விழித்தபோது அவளுக்கு இடது கால் அசையவில்லை. வீக்கம், வடிந்ததும் சரியாகும் என்றார்கள். சில குழந்தைகளுக்கு அப்படிச் சரியாவது உண்மைதான், காத்திருந்தோம். மூன்று மாதம் கழித்து வேறொரு நிபுணரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது மானிட்டரிங் பதிவு. அதைத் தேடிப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அறுவைக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மயக்க மருந்துப் பதிவில் தசைத் தளர்வு மருந்து கடைசிவரை போயிருக்கிறது. பில்லில் மட்டும் கட்டணம் இருந்தது! திரும்பத் திரும்பக் கேட்டதும், "அன்றைக்கு டெக்னீஷியன் வரவில்லை" என்று சொல்லி அந்தத் தொகையைத் திருப்பித் தந்தார்கள்.

கருவியைப் பயன்படுத்தியிருந்தால் கால் நிச்சயம் தப்பியிருக்குமா? அப்படி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த இரண்டாவது நிபுணரே சொன்னார். ஆனால் எங்களிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருப்போம், இல்லையென்றால் வேறு இடம் போயிருப்போம். குழந்தை வேகமாக நடை இழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அது அவசரம், தாமதிக்கவே கூடாது. எங்கள் மகளுக்கு அப்படி இல்லை. மெதுவாக வளரும் கட்டி அது.

இன்னொன்று, எலும்பு. தண்டுவடத்தை அடைய முதுகெலும்பின் பின்பக்கத் தகடுகளைத் திறக்க வேண்டும். வளரும் குழந்தைகளுக்கு, முடிந்தவரை அந்தத் தகடுகளைத் திரும்பப் பொருத்துவதைப் பல நிபுணர்கள் விரும்புகிறார்கள். லேமினோபிளாஸ்டி என்று பெயர். எங்கள் மகளுக்கு ஐந்து எலும்புகளில் தகட்டை எடுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். பொருத்தினாலும் முதுகு வளையும் அபாயம் முழுவதும் போய்விடாது, அதனால்தான் வருடக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இப்போது அவளுக்கு 8 வயது, முதுகு முன்பக்கமாகக் கூனத் தொடங்கியிருக்கிறது.

அதனால் "வசதி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "என் குழந்தைக்கு அன்றைக்கு அந்தக் கருவியில் யார் உட்காருவார்கள்? அவர் வராவிட்டால் அறுவையைத் தள்ளிவைப்பீர்களா? எலும்பைத் திரும்ப வைப்பீர்களா? இதே மாதிரி எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, மானிட்டரிங் பதிவு மூன்றுக்கும் நகல் வாங்குங்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைக்கும் 'பாராஃபின் பிளாக்' எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். மீதமுள்ள கட்டி பின்னாளில் வளர்ந்தால், பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள், இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. எங்கள் பிளாக்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.